பெயருக்குப் பின்னால் ஒரு சிலுவை

அத்தியாயம் 4

செத்துப்போன பெண்மணி ஒருத்தி புதன்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினாள். கழுத்தில் சுற்றுலாக் குழுவின் மஞ்சள் அட்டை தொங்கியது.

"என்னைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிக்கணும்" என்றாள். "ஆறரை மணிக்கு எனக்கு பஸ்."

இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சுருக்கமாக வேலை சொன்னவர்கள் யாருமில்லை. மற்றவர்கள் புருஷன் எங்கே போகிறான் என்று கேட்பதற்குள் மாமியாரின் இடுப்பு வலியிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

"உக்காருங்க" என்றேன். "செத்தவங்களுக்குன்னு இங்க தனி நாற்காலி இல்ல. எல்லாருக்கும் இதுதான்."

கசில்டா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு 'வாயை மூடு' என்று பெயர். அந்த அம்மாள்தான் என் முதலாளி. சமோரா தபால் நிலையத்தில், முகவரி தெரியாத கடிதங்களை வைத்துக்கொண்டு ஆளைத் தேடும் மேசையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. பலகை மாட்டித் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். நான் சானோ. பெரிய சதுக்கத்துக் காபிக் கடையில் பதினெட்டு வருஷம் பரிமாறியவன். ஒரே கையில் ஆறு தட்டு தூக்குவேன். ரகசியம் மட்டும் ஒன்றுகூடத் தாங்காது.

வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். ஓரமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் பசை மழையில் ஊறி ஈரமாக இருந்தது. சுவரில் ஒட்டிய துக்க நோட்டீஸ். எங்கள் ஊரில் அதை மழைதான் கிழிக்க வேண்டும். மனிதர் யாரும் கை வைக்க மாட்டார்கள். நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றேன்.

கசில்டா சத்தமாகப் படித்தார். பாஸிலிஸா, அமான்ஸியோவின் விதவை, தொண்ணூற்று நான்காம் வயதில் ஆண்டவரில் துயில் கொண்டார். அடக்கம் செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்கு. ஆன்ம இளைப்பாற்றிப் பூசை புதன் மாலை ஏழு மணிக்கு. எங்கள் கோயில் சாமியாருக்கு ஐந்து ஊர் பொறுப்பு. அடக்கம் ஒரு நாளும் பூசை மறுநாளும் வைப்பதுதான் இப்போது வழக்கம். அதற்குக் கீழே பிள்ளைகளின் பெயர்: எவாரிஸ்தோ, ஒலாயா. இரண்டாவது பெயருக்குப் பின்னால் குட்டியாக ஒரு சிலுவைக் குறி. உறவுப் பட்டியலில் அந்தக் குறி இருந்தால், அந்த ஆள் முன்னாலேயே போய்விட்டார் என்று பொருள்.

"ஒலாயா நான்தான்" என்றாள் அவள். கடவுச்சீட்டை எடுத்து நோட்டீஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். அறுபத்தாறு வயது. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"இருபத்திரண்டு வயசுல போனேன். எட்டு வருஷம் கழிச்சு அப்பா செத்தாரு. நான் அறை மாறியிருந்தேன், தந்தி பழைய வீட்டுக்குப் போயிருச்சு. கையில கெடச்சப்போ அடக்கம் முடிஞ்சு மூணு நாள். போன் பண்ணினேன். அண்ணன் எடுத்தான். 'இனிமே வந்து என்ன ஆகப் போகுது'ன்னு வெச்சுட்டான். லெட்டர் எழுதினேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. அப்புறம் நானும் எழுதல." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "முப்பத்தாறு வருஷம். தனியா வர தைரியம் இல்லாம சுற்றுலா பஸ்ல சீட்டுப் போட்டேன். அஞ்சு நாள், மூணு ஊரு. கூட்டத்தோட கூட்டமா நின்னு வீட்டப் பாக்கலாம், அம்மா ஜன்னல்ல நின்னா கையக் காட்டலாம்னு. வழிகாட்டிப் பொண்ணு கோயில் கோபுரத்தக் காட்டிச்சு, எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. நான் மட்டும் ரொட்டிக் கடைச் சுவத்தப் பாத்தேன்."

கீழே தெருவில் யாரோ ஷட்டரை இறக்கினார்கள்.

"உங்களுக்கு என்ன தெரியணும்?" என்று கேட்டார் கசில்டா.

"அம்மா நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டே போனாளா? எவாரிஸ்தோதான் சொல்லியிருப்பான். அவன்தான்னு தெரிஞ்சா, பூசைக்குப் போயி ஊரு முன்னாடி அவன் மூஞ்சில இந்தக் காகிதத்த விட்டெறிவேன். பஸ் போனாலும் பரவாயில்ல."

"அவர் இல்லைன்னா? உங்க அம்மாவே உங்களத் தலைமுழுகியிருந்தா?"

ஒலாயா மஞ்சள் அட்டையை விரலால் தடவினாள். "அப்ப பூசைக்குப் போக எனக்கு என்ன இருக்கு. பஸ் ஏறிடுவேன்."

அவளைக் கீழே சாப்பாட்டுக் கடையில் பூண்டு சூப்புக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்?" என்றேன் நடந்துகொண்டே. "அண்ணன்காரன்தான். நோட்டீஸ் குடுத்தது அவன், போன வெச்சது அவன். நான் போயி சட்டையப் புடிச்சுக் கேட்டுட்டு வந்தா மூணு மணிக்குள்ள சாப்பாடு."

"உனக்கு எல்லாக் கேஸும் சாப்பாட்டுக்கு முன்னாடி முடியணும்."

"குற்றவாளிக்கும் பசிக்கும்ல."

அடக்கச் சேவை அலுவலகத்தில் எலியோதோரோ இருந்தான். கறுப்பு டை, எந்த நேரமும் அழத் தயாரான முகம். வேலை முடிந்ததும் நான் இருந்த காபிக் கடைக்கு வந்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போவான்.

"நோட்டீஸ் கோப்பெல்லாம் வெளியாளுக்குக் காட்டக் கூடாது சானோ. குடும்ப விஷயம்."

"சரி. உன் குடும்ப விஷயம் ஒண்ணு பேசலாமா? சக்கரைய விட்டுட்டேன்னு வீட்டுல சொல்லியிருக்கியே, அது எந்தக் காபில?"

அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பை எடுத்தான். "மகன்தான் வந்தாரு. திங்கக்கிழம காலைல."

"பாத்தீங்களா மேடம்" என்றேன். "சாப்பாடு ஆறிடும்."

கசில்டா அச்சுக்குப் போகும் முன் எடுத்த திருத்தப் படியைக் கேட்டார். அதைப் பார்த்ததும் என் பசி கொஞ்சம் பின்வாங்கியது. ஒலாயாவின் பெயருக்குப் பின்னாலிருந்த சிலுவையை யாரோ பேனாவால் அடித்திருந்தார்கள். அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்திருந்தது. பக்கத்திலேயே, அதே பேனாவில், சின்ன எழுத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. கையெழுத்து எவாரிஸ்தோவுடையது.

"அடிச்சதுக்கும் எழுதினதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் கசில்டா.

எலியோதோரோ யோசித்தான். "அரை மணி நேரம் இருக்கும். அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. நான் ரெண்டு போன் பேசி முடிச்சேன், அவரு அசையல."

கசில்டா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சியச் சாகடிக்கணும்னு வந்தவன் சிலுவைய ஏன் அடிக்கறான்?"

"மனசாட்சி உறுத்தியிருக்கும்."

"அப்ப அடிச்சதோட விட்டிருப்பான். திரும்ப எழுதியிருக்கான். யாரோ கேட்டிருக்காங்க சானோ. மாட்டேன்னு சொல்ல முடியாத யாரோ." எலியோதோரோவிடம் கையை நீட்டினார். "மூலத்தக் குடு. அந்தம்மா கையால எழுதினது இருக்கும்."

இருந்தது. எங்கள் ஊர்க் கிழவிகள் சாவுக்கு வெகு முன்னாலேயே பெட்டி மரத்தையும் கோயில் மணி எத்தனை அடிக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைத்துவிடுவார்கள். நோட்டீஸையும் அவர்களே எழுதி இங்கே கொடுத்து வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் எழுதினால் எதையாவது தப்பாகப் போட்டுவிடுவார்கள் என்று பயம். கோடு போட்ட தாளில் பள்ளிப் பிள்ளையின் கொட்டை எழுத்து. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி, நவம்பர் பத்தொன்பது. ஒலாயா என்ற பெயருக்குப் பின்னால் சிலுவை. ஒரு தடவை போட்டது போதாதென்று அதன் மேலேயே மறுபடி போட்டிருந்தாள். அடியில் ஒரு வரி: 'இதில் எதையும் மாற்றக் கூடாது.'

"மகன் இதப் பாத்துட்டு என்னமோ முணுமுணுத்தாரு" என்றான் எலியோதோரோ. "'அவ லெட்டரக் கிழிச்சவன் நான். இப்ப ஆளையும் கிழிக்கச் சொல்றியேம்மா'ன்னு. எனக்குப் புரியல. இந்த வேலைல பாதி புரியாது."

தெருவுக்கு வந்ததும் கசில்டா நின்றார். "லெட்டர் விஷயம் ஒலாயாட்ட நீ சொல்லக் கூடாது. அத அண்ணன்தான் சொல்லணும்."

"நானா? நான் எப்ப மேடம் வாய் தவறியிருக்கேன்?"

அதற்கு அவரிடம் பட்டியலே இருக்கிறது.

சூப் தொடப்படாமல் ஆறிப்போயிருந்தது. அம்மாவின் கையெழுத்து என்று கசில்டா சொன்னபோது ஒலாயா தலையை மட்டும் ஆட்டினாள். சிலுவையின் மேல் இரண்டு தடவை பேனா ஓடியிருந்ததையும் கசில்டா மறைக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. வாடிக்கையாளரிடம் கொஞ்சம் பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"அப்ப தலைமுழுகிட்டா" என்றாள் ஒலாயா.

"இல்ல உண்மையிலேயே நீங்க இல்லைன்னு நம்பியிருக்கலாம். கோவமா, நம்பிக்கையான்னு தெரியாம கேஸ் முடியாது. வாங்க, கோயிலுக்குப் போலாம்."

"கோயில்ல எப்படித் தெரியும்?"

"உங்க அம்மா பக்தியான பொம்பள. அப்படிப்பட்டவங்க செத்தவங்கள சும்மா விட மாட்டாங்க."

ஐந்து மணிக்குப் போனோம். கோபுரத்தில் நாரை அலகை டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே விஸித்தா மாலைப் பூசைக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அவள்தான் எங்கள் பேட்டைக் கோயில்பிள்ளை. சாவியும் அவளிடம், யாருக்காகப் பூசை என்று எழுதும் கருத்து நோட்டும் அவளிடம், ஊர் வம்பும் அவளிடம். ஒலாயாவின் மஞ்சள் அட்டையைப் பார்த்ததும், "சுத்திப் பாக்கலாம்மா, ஆறரைக்கு மேல பூசைக்கு ஆளுங்க வந்துருவாங்க, ஃபிளாஷ் மட்டும் வேணாம்" என்றாள். ஒலாயா பேசாமல் தூண் ஓரம் போய் நின்றாள். சின்ன வயதில் அவளுக்கு அங்கேதான் புது நன்மை, முதல் நற்கருணை, கொடுத்திருப்பார்கள். விஸித்தாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாஸிலிஸாவுக்கு ஒரு புண்ணியம் செய்யணும்" என்று ஆரம்பித்தார் கசில்டா. "அந்தம்மா யார் யாருக்கெல்லாம் வருஷா வருஷம் பூசை குடுத்தாங்களோ, அது நின்னுடக் கூடாது. யார் யாருன்னு சொன்னா நான் பாத்துக்கறேன்."

எழுபது வயது விஸித்தா முகத்தில் வெளிச்சம் வந்தது. நோட்டைப் பிரித்து விரலை வைத்தாள். "புருஷன் அமான்ஸியோவுக்கு. அக்காவுக்கு. மாமியாருக்கும் குடுத்திருக்கா பாருங்க, அந்தப் பொம்பள இவள ஒரு நாளும் உக்காந்து சாப்பிட விட்டதில்ல. ஆத்துல போன பக்கத்து வீட்டுப் பையனுக்கு. ஒரு தடவ கழுதைக்குக் கேட்டா, சாமியார் முடியாதுன்னுட்டாரு."

"கழுதைக்கு என்ன பாவம் இருக்கப் போகுது" என்றேன். "நேரா மேலதான் போயிருக்கும்."

"மகளுக்கு?" என்றார் கசில்டா.

விஸித்தா பக்கத்தைப் புரட்டினாள். முந்தைய நோட்டையும் எடுத்துப் புரட்டினாள். "இல்லையே" என்றாள் மெதுவாக. "செத்துப்போன பொண்ணுக்கு ஒரு பூசைகூடவா குடுக்கல? கழுதைக்குக் கேட்டவ."

"டிசம்பர் பத்து பாருங்க. புனித ஒலாயா திருநாள். மகளுக்கு அன்னிக்குத்தான் பேர்த் திருநாள்."

விஸித்தா விரலால் தேடினாள். இருந்தது. முந்தின வருஷமும் இருந்தது. அதற்கு முந்தின வருஷமும். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'பாஸிலிஸா கேட்டபடி, வழியில் இருப்பவர்களுக்காக.'

"இது செத்தவங்களுக்கு இல்ல. நம்ம ஊரு வழியா சந்தியாகோவுக்கு யாத்திரையா நடந்து போறாங்கள்ல, கம்பும் மூட்டையுமா, அவங்களுக்குன்னு நெனச்சேன்" என்றாள் விஸித்தா. "அந்தக் குளிர்ல யாரு நடக்கறான்னு ஒரு தடவ கேட்டேன். 'யாராவது நடப்பாங்க'ன்னா."

தூண் பக்கம் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. ஒலாயாவின் கையிலிருந்த காமிரா.

"பாத்தும்மா" என்றாள் விஸித்தா. "அது எண்ணூறு வருஷத்துது."

"தூணா, காமிராவா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

விஸித்தா நோட்டை மூடி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "பாவம் அந்தப் பொண்ணு. அப்பா அடக்கத்துக்கு வரலைன்னு நாங்க பேசாத பேச்சா? பத்து வருஷம் பேசினோம். ரொட்டிக் கடையில நான்தான் ஆரம்பிச்சு வைப்பேன். பாஸிலிஸா உள்ள வந்தா நிறுத்துவோம். அவளுக்குக் கேக்காமலா இருந்திருக்கும்? ரொட்டிக்குப் பாலம் தாண்டிப் போக ஆரம்பிச்சா. இப்ப சுவத்துல அந்தச் சிலுவையப் பாத்ததும் எனக்கு வாயடச்சுப் போச்சு. செத்தவள என்ன சொல்ல முடியும்? நேத்தே அவளுக்குன்னு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டேன்."

அவள் கைகாட்டிய பக்கம் மாதா பீடத்துக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது. ஒலாயா அதைப் பார்த்தாள். தன் பெயரில் எரிகிற விளக்கை உயிரோடு நின்று பார்க்கிறவளின் முகத்தை நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

கசில்டா மட்டும் விடவில்லை. "பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி, நவம்பர் நடுவுல, இங்க யாரோட அடக்கம்?"

விஸித்தாவுக்கு நோட்டே தேவைப்படவில்லை. "கொல்லன் லியாண்ட்ரோ. பதினாலாம் தேதி. மகன் பிரேசில்ல இருந்தான், வரல."

"அதையும் பேசினீங்க."

"பேசாம? பீடத்துத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே அவனக் கிழிகிழின்னு கிழிச்சோம். பாஸிலிஸாவும் இருந்தா. அவ எப்பவும் வாயே தெறக்க மாட்டா. அன்னிக்கு மட்டும் கேட்டா, 'அந்தப் பையன் செத்திருந்தா அப்பவும் இப்படிப் பேசுவீங்களா'ன்னு. நான் சொன்னேன், 'செத்தவன யாரு பேசுவா, ஐயோ பாவம்னுதான் சொல்லுவாங்க'ன்னு. துணிய மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டா."

பதினான்காம் தேதி அந்தப் பேச்சு. பத்தொன்பதாம் தேதி அந்தத் தாள். நடுவில் ஐந்து நாள் அந்தக் கிழவி தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். எனக்கு எதற்கும் ஒரு கேலி கைவசம் இருக்கும். அப்போது ஒன்றும் இல்லை.

பாலத்துப் பக்கம் பஸ் எஞ்சினைப் போட்டு நின்றிருந்தது. வழிகாட்டிப் பெண் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மணி ஆறு இருபது.

"உங்க அம்மா நீங்க செத்துட்டதா நம்பல" என்றார் கசில்டா. "நம்பியிருந்தா டிசம்பர்ல வேற மாதிரி பூசை குடுத்திருப்பாங்க. தலைமுழுகவும் இல்ல. தலைமுழுகினவங்க பேர்த் திருநாள ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. தன் அடக்கத்துக்கு நீங்க வர மாட்டீங்க, வர வழியில்லைன்னு நெனச்சாங்க. வராதவங்கள இந்த ஊரு என்ன செய்யும்னு பத்து வருஷம் காதால கேட்டவங்க. அதனால ஊரு உங்கள எடுத்துப் பேசறதுக்கு முன்னாடி, பேச முடியாத எடத்துல உங்களக் கொண்டுபோயி வெச்சுட்டாங்க. உங்க அண்ணன் அத அடிச்சுப் பாத்தாரு. அம்மா சொல்லத் தட்ட முடியல."

ஒலாயா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வயதானவர்கள் அழுகிற மாதிரி, சத்தமில்லாமல், வாயை மட்டும் திறந்துகொண்டு. துவேரோ ஆறு கீழே அதன் பாட்டுக்குப் போனது.

"செவ்வாய்க்கிழம பன்னெண்டு மணிக்கு நாங்க சலமான்கால இருந்தோம்" என்றாள். "பஸ்ல ஒரு மணி நேர வழி. எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்க. அம்மாவக் குழில எறக்கறப்போ நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

அதற்கு என்ன ஆறுதல் சொல்வது? நான் நடைமுறைக்கு வந்தேன். "பாருங்கம்மா, இப்ப பஸ் ஏறினீங்கன்னா அம்மா நெனச்சது நடக்கும். ஊரு ஐயோ பாவம்னு சொல்லும், விஸித்தா தெனமும் மெழுகுவத்தி ஏத்துவா. பூசைக்குப் போனீங்கன்னா அந்த ரெண்டு தடவ அழுத்திப் போட்ட சிலுவை வீணாப் போயிடும். ரெண்டு அடக்கத்துக்கும் வராதவன்னு ஊரு பேச ஆரம்பிக்கும். விஸித்தா வாய் எனக்குத் தெரியும்."

"சானோ" என்றார் கசில்டா.

"உண்மையத்தான் சொல்றேன் மேடம்."

"அவர் சொல்றது சரிதான்" என்றாள் ஒலாயா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அம்மா நான் வர மாட்டேன்னு நெனச்சுத்தான அதப் போட்டா? வந்துட்டேனே."

மஞ்சள் அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் ஓடிப்போய் வழிகாட்டிப் பெண்ணிடம் நீட்டினேன். "ஒருத்தங்க கொறையறாங்களே, என்ன ஆச்சு?" என்றாள் அவள்.

"வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றேன்.

பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. நாங்கள் கடைசி வரிசையில் நின்றோம். முன் வரிசையில் எவாரிஸ்தோ தனியாக உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, காலர் கழுத்துக்குப் பெரிதாகிவிட்ட பழைய கோட்டு. சாமியார் ஆசீர் கொடுத்து இறங்கியதும் அவர் எழுந்து ஓரமாக நின்றார். ஊர் வரிசை கட்டியது. ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, 'உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்' என்று அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி நகர்ந்தார்கள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள், அதுதான் வழக்கம்.

ஒலாயா வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் விஸித்தா. அவளுக்கும் பின்னால் நாங்கள். எட்டுப் பேர், ஐந்து பேர், இரண்டு பேர். பிறகு அண்ணனுக்கு முன்னால் தங்கை.

"உங்க துக்கத்துல நானும் இருக்கேன்" என்றாள். தன் அம்மாவுக்காக, அந்நியர்கள் சொல்கிற வார்த்தையில்.

எவாரிஸ்தோ தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். பிடித்த கையை விடவில்லை. குனிந்து அந்தக் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"அடிச்சேன்" என்றார் கடைசியில். "அடிச்சுட்டு... அவ எழுதி வெச்சிருந்தா. மாத்தக் கூடாதுன்னு."

"தெரியும்ணா."

அவர் அரையடி நகர்ந்தார். அவ்வளவுதான் செய்தார். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் வந்தது. ஒலாயா அந்த இடத்தில் போய், ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

எதிரில் விஸித்தா. மாலையில் பார்த்த சுற்றுலாக்காரி என்று முதலில் நினைத்திருப்பாள். அண்ணன் பக்கத்தில் தங்கையை வைத்துப் பார்த்ததும் அவள் வாய் பிளந்தது. பின்வரிசை வரைக்கும் சத்தம் அடங்கியது.

"ஒலாயா" என்றாள். பிறகு, கெட்ட எண்ணத்தில் இல்லை, வெறும் பழக்கத்தில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு கிழவி சிலுவை போட்டுத் தடுக்கப் பார்த்த அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. "ஏண்டி, ஏன் வரல?"

ஒலாயா வாயைத் திறந்தாள். அதற்குள் எவாரிஸ்தோ பேசினார். கோயில் முழுக்கக் கேட்கிற குரலில்.

"அப்பா செத்தப்போ தந்தி பழைய வீட்டுக்குப் போச்சு. அவ மேல தப்பில்ல. அப்புறம் அவ அம்மாவுக்கு எழுதின பதினோரு லெட்டரையும் கிழிச்சுப் போட்டவன் நான். அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. கேக்கணும்னா என்னக் கேளுங்க."

ஒலாயா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு கடிதங்கள். அவள் கை அவர் கையிலிருந்து நழுவியதை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம் அப்படியே தொங்கியது. அவள் விலகிப் போகவில்லை. அந்த இடத்திலேயே நின்றாள்.

விஸித்தா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒலாயாவின் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "உங்க துக்கத்துல..." என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. "உனக்கு மெழுகுவத்தி ஏத்திட்டேனே. போயி அணைச்சுட்டு வரட்டா?"

"வேணாம்" என்றாள் ஒலாயா. "அம்மாவுக்குன்னு எரியட்டும்."

விஸித்தா தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். வரிசையில் அடுத்தது கசில்டா. அவர் அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார். பிறகு நான் கையை நீட்டினேன்.